எழுதி வைத்த பங்குப் பத்திரம்: இந்தியக் குடியரசின் அரசியல் சட்டம்



கொடுக்கல் வாங்கலை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வியாபாரிகளாகிய நமக்கு யாரும் வந்து சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது என்று கேட்டால், தவணைக் கடனை எழுதிச் சாட்சியும் வைத்துக்கொள்வதைப் பற்றிய அல்-பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம் என்று மதரஸாப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். வாய்ப்பேச்சு மறந்துபோகும். சொன்னவர் மௌத்தான பின் வாரிசுகள் வேறு விதமாகச் சொல்வார்கள். எழுத்து மட்டும் இருக்குமானால், பெரிய பங்காளியும் சின்னப் பங்காளியும் அதன் முன்னே சமமாக நிற்க வேண்டியதுதான்.

ஒரு தேசத்து மக்கள் தங்களுக்குள் எழுதி வைத்துக்கொண்ட பங்குப் பத்திரமே அரசியல் சட்டம். நம்மில் பெரும்பாலோரின் பெற்றோரோ பாட்டனாரோ சபுர் புறப்பட்ட மண் இந்தியா. பலருக்கு இன்றும் அங்கே வீடும் நிலமும் உறவினரும் உண்டு; சிலருக்கு வியாபாரமும் உண்டு. ஆகையால் அந்நாட்டின் அரசியல் சட்டத்தை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் அம்சத்தையும் பார்க்கும்போது ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்வோம்: சின்னப் பங்காளி இந்தப் பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நியாயம் கேட்க முடியுமா?

1. கூட்டாட்சி எது, குடியரசு எது?

இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணுவோர் உண்டு. நாம் வாழும் நாடுகளைக் கொண்டே வேற்றுமையை அறியலாம். மலேசியா ஒரு கூட்டாட்சி. மாநிலங்களுக்கும் கூட்டரசுக்கும் அதிகாரம் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அது குடியரசு அல்ல; ஒன்பது மலாய் மன்னர்களுள் ஒருவர் ஐந்தாண்டுக் காலத்துக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். சிங்கப்பூர் 1965 முதல் ஒரு குடியரசு. அங்கே மன்னர் இல்லை. ஆனால் மாநிலங்களும் இல்லை, ஆகவே அது கூட்டாட்சி அல்ல. இந்தியாவோ இரண்டும் சேர்ந்தது. அங்கே மாநிலங்களும் உண்டு, பரம்பரை மன்னரும் இல்லை. இதைத்தான் கூட்டாட்சிக் குடியரசு, அல்லது சமஷ்டிக் குடியரசு என்கிறோம்.

குடியரசு என்பதன் பொருளை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். இந்திய ஜனாதிபதியைப் பார்லிமெண்டின் இரு சபைகளிலும் மாநிலச் சட்டசபைகளிலும் தேர்தலில் வென்ற அங்கத்தினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். 2002-ஆம் ஆண்டில் அப்பதவிக்கு வந்த டாக்டர் ஏ. பி. ஜே. அப்துல் கலாம், இராமேசுவரத்தில் படகு வைத்துப் பிழைத்த ஒரு மரைக்காயரின் மகன். பிறப்பால் எவருக்கும் அப்பதவி உரியதல்ல என்பதால்தான் அவருக்கு அது கிடைத்தது. எனினும் ஆட்சிப் பொறுப்பு ஜனாதிபதியிடம் இல்லை. பிரதம மந்திரியும் அவருடைய மந்திரி சபையுமே ஆள்கின்றனர். அவர்கள் லோக்சபைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

2. பத்திரம் எழுதப்பட்ட விதம்

அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9-ஆம் நாள் டில்லியில் முதன்முதலாகக் கூடியது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் விவாதித்து, 1949 நவம்பர் 26-இல் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. 1950 ஜனவரி 26 முதல் அது முழுமையாக அமலுக்கு வந்தது. அன்று அதில் 395 ஷரத்துகளும் 8 அட்டவணைகளும் இருந்தன. வரைவுக் குழுவுக்கு டாக்டர் அம்பேத்கர் தலைவர். அஸ்ஸாமைச் சேர்ந்த சையத் முஹம்மது சாதுல்லாவும், சென்னையைச் சேர்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் அக்குழுவில் இருந்தனர்.

சென்னை மாகாணத்திலிருந்து சென்றவர்களில் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிபை நாம் மறக்க முடியாது. தோல் வியாபாரத்தில் ஈடுபட்டிருந்த அவர், நம்மைப் போன்ற ஒரு வர்த்தகரே. 1948 நவம்பர் 23-இல் பொதுச் சிவில் சட்டம் பற்றிய ஷரத்து விவாதத்துக்கு வந்தபோது, எந்த மதத்தாருடைய சொந்தச் சட்டத்தையும் அது தொடக்கூடாது என்று அவர் திருத்தம் கொண்டுவந்தார். சபை அதை ஏற்கவில்லை. அந்த ஷரத்து இன்று 44-வது எண்ணில், சர்க்காருக்கு வழிகாட்டும் கொள்கைகள் உள்ள பகுதியில் நிற்கிறது. அப்பகுதியில் உள்ளவற்றைச் சொல்லிக் கோர்ட்டில் வழக்காட முடியாது. ஆனால் சட்டசபை விரும்பினால் அதன்படி சட்டம் செய்யலாம். உத்தராகண்ட் மாநிலம் 2024-இல் அப்படி ஒரு சட்டத்தை நிறைவேற்றியதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. திருத்தம் தோற்றது, ஆனால் சொன்ன வாதம் சபையின் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. பத்திரம் எழுதும் வேளையில் சபையில் உட்கார்ந்து பேசினவருடைய சொல்லை எழுபது ஆண்டுகள் கழித்தும் எடுத்துக் காட்டலாம். பத்திரம் எழுதி முடிந்த பின் வந்து முறையிடுகிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

3. அதிகாரப் பங்கீடு

பங்கு வியாபாரத்தில் கொள்முதல் யார் பொறுப்பு, கல்லாப்பெட்டி யார் பொறுப்பு என்று பிரித்து எழுதுகிறோம் அல்லவா? அதுபோலவே ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. ராணுவம், வெளிநாட்டு உறவு, நாணயம், ரயில்வே, சுங்கம், பெரிய துறைமுகங்கள் ஆகியவை மத்திய சர்க்காரைச் சேர்ந்தவை. போலீஸ், நிலம், விவசாயம், பொதுச் சுகாதாரம், சந்தைகள் ஆகியவை மாநிலங்களைச் சேர்ந்தவை. ஒப்பந்தங்கள், திருமணம், தொழிற்சங்கம், மின்சாரம் போன்றவை இருவருக்கும் பொது. பொதுப் பட்டியலில் இருவரும் முரண்பட்ட சட்டம் செய்தால், பொதுவிதியாக மத்தியச் சட்டமே மேலோங்கும். கல்வி முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-இல் செய்த 42-வது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது.

எந்தப் பட்டியலிலும் எழுதப்படாத அதிகாரம் யாருக்கு? அமெரிக்காவில் அது மாநிலங்களுக்கு. இந்தியாவில் மத்திய சர்க்காருக்கு. இதிலிருந்தே இந்தியக் கூட்டாட்சியில் பெரிய பங்காளியின் கை ஓங்கியிருப்பது விளங்கும். புதிய மாநிலத்தை உண்டாக்கவும், உள்ளதன் எல்லையையும் பெயரையும் மாற்றவும் பார்லிமெண்டுக்கு 3-வது ஷரத்து அதிகாரம் கொடுக்கிறது. சம்பந்தப்பட்ட சட்டசபையின் கருத்தைக் கேட்க வேண்டும். ஆனால் அதன் சம்மதம் தேவையில்லை. 1956-இல் மொழிவாரியாக மாநிலங்கள் திருத்தி அமைந்ததும், 1969-இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு என்ற பெயரை அடைந்ததும், 2014-இல் தெலுங்கானா பிறந்ததும் பார்லிமெண்டின் சட்டத்தால்தான். 2019-இல் ஜம்மு காஷ்மீர் என்ற மாநிலம் இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிக்கப்பட்டபோது, அங்கே கருத்துச் சொல்லச் சட்டசபையே இருக்கவில்லை.

இன்னொரு கருவி 356-வது ஷரத்து. ஒரு மாநிலத்தில் அரசியல் சட்டப்படி ஆட்சி நடக்க இயலாது என்று ஜனாதிபதி கருதினால், மந்திரி சபையை நீக்கி நேரடி ஆட்சி வைக்கலாம். தமிழ்நாட்டில் 1976, 1980, 1991 ஆகிய ஆண்டுகளில் மந்திரி சபைகள் இவ்வாறே வீட்டுக்கு அனுப்பப்பட்டன. 1994-இல் பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதற்குக் கடிவாளம் போட்டது. மந்திரி சபைக்குப் பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதைச் சட்டசபையில்தான் பார்க்க வேண்டும். ஜனாதிபதியின் உத்தரவைக் கோர்ட்டு ஆராயலாம். தவறென்று கண்டால் நீக்கிய மந்திரி சபையைத் திரும்பவும் அமர்த்தலாம் என்று தீர்ப்பளித்தது. அதன் பின்னர் இந்த ஷரத்தைக் கையாள்வது வெகுவாகக் குறைந்தது.

4. வரியும் சந்தையும்

வர்த்தகர்களுக்கு மிக நெருக்கமான இடம் இது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் வசூலிக்கக் கூடாது என்பது 265-வது ஷரத்து. இந்தியா முழுவதும் வியாபாரமும் போக்குவரத்தும் தடையின்றி நடக்க வேண்டும் என்பது 301-வது ஷரத்து. அஸ்ஸாம் வழியாகச் சென்ற தேயிலைக்கு அம்மாநிலம் விதித்த வரியை 1960-இல் சுப்ரீம் கோர்ட்டு இந்த ஷரத்தைக் காட்டியே தள்ளியது. பிறகு 2016-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, வரி விதித்ததாலேயே சுதந்தரம் கெடாது, வெளிமாநிலச் சரக்குக்குப் பாரபட்சம் காட்டினால்தான் கெடும் என்று பெரும்பான்மையாக முடிவு செய்தது.

2017 ஜூலை 1 முதல் இந்தியாவில் சரக்கு, சேவை வரி அமலுக்கு வந்தது. இதற்காக முந்தைய ஆண்டில் 101-வது திருத்தம் செய்து, மத்திய நிதி மந்திரியும் மாநில மந்திரிகளும் அமரும் ஒரு கவுன்சிலை ஏற்படுத்தினார்கள். அதன் ஓட்டு முறையைக் கூட்டு வியாபாரம் செய்வோர் கவனிக்க வேண்டும். மத்திய சர்க்காருக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு. மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே மத்திய சர்க்காரை விட்டு மாநிலங்களும், மாநிலங்களை விட்டு மத்திய சர்க்காரும் தனியே முடிவு செய்ய முடியாது. இக்கவுன்சிலின் பரிந்துரை பார்லிமெண்டையும் சட்டசபைகளையும் கட்டுப்படுத்தாது என்று 2022-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

5. ஜீவாதார உரிமைகள்

அரசியல் சட்டத்தின் மூன்றாம் பகுதி ஜீவாதார உரிமைகளைக் கூறுகிறது. சட்டத்தின் முன் சமத்துவம், பேச்சுரிமை, உயிருக்கும் சரீர சுதந்தரத்துக்கும் பாதுகாப்பு, மத சுதந்தரம் முதலியவை அதில் அடங்கும். தொழில் வியாபாரம் செய்யும் உரிமை 19-வது ஷரத்தில் உள்ளது. பொதுநலத்துக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கச் சர்க்காருக்கு இடம் உண்டு.

இவ்வுரிமை வெறும் ஏட்டுச் சுரைக்காயா என்று கேட்போருக்குக் கைரானா வழக்கே பதில். உத்தரப் பிரதேசத்தில் கைரானா என்பது ஒரு சிறு நகரம். ரஷீத் அஹமது என்பவர் அங்கே காய்கறி மொத்த வியாபாரம் செய்து வந்தார். நகரசபை அந்த வியாபாரம் முழுவதையும் ஒருவருக்கே ஏகபோகமாகக் கொடுத்துவிட்டது. மற்றவர்கள் லைசென்சு கேட்டால் கொடுக்க விதியே கிடையாது. அவர் நேராகச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அரசியல் சட்டம் அமலுக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகாத 1950 மே மாதத்தில், அவர் வியாபாரத்தை நகரசபை தடுக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. 1952-இல் அதே மாநிலத்தின் ஜலாலாபாதைச் சேர்ந்த மற்றொரு காய்கறி, பழ வியாபாரி, ஸ்தல ஸ்தாபனம் சட்ட அதிகாரமின்றி விதித்த கட்டணத்தை எதிர்த்து வென்றார்.

ஒரு காய்கறிக் கடைக்காரர் கீழ்க் கோர்ட்டுகளைத் தாண்டித் தலைமைக் கோர்ட்டுக்கே போக வழி செய்தது எது? 32-வது ஷரத்து. ஜீவாதார உரிமை பறிபோனால் சுப்ரீம் கோர்ட்டை நேரே அணுகுவதும் ஒரு ஜீவாதார உரிமையே என்கிறது அது. ஹைகோர்ட்டை அணுகும் வழி 226-வது ஷரத்தில் உண்டு. அரசியல் சட்டம் முழுமைக்கும் 32-வது ஷரத்தே இதயமும் உயிரும் என்ற கருத்தில் அம்பேத்கர் நிர்ணய சபையில் பேசினார். பத்திரத்தில் பங்கு எழுதி வைத்தால் மட்டும் போதாது. பங்கைக் கேட்டுப் போக ஒரு வாசலும் வைக்க வேண்டும். அந்த வாசல் இதுதான்.

6. பிரஜை யார்? நாம் யார்?

கூட்டாட்சியானாலும் இந்தியாவில் ஒரே பிரஜா உரிமைதான். தமிழ்நாட்டுப் பிரஜை, கேரளப் பிரஜை என்று கிடையாது. இரட்டைப் பிரஜா உரிமையும் இல்லை. தாமாக விரும்பி அந்நிய நாட்டுப் பிரஜையானவர் இந்தியப் பிரஜையாக இருக்க முடியாது என்பது 9-வது ஷரத்திலும் 1955-ஆம் ஆண்டின் பிரஜா உரிமைச் சட்டத்திலும் உள்ள விதி. ஆகவே மலேசிய அல்லது சிங்கப்பூர்ப் பிரஜா உரிமை பெற்ற நம் சகோதரர்கள் அந்த மண்ணில் சட்டப்படி அந்நியரே. வெளிநாட்டு இந்தியப் பிரஜை என்று பெயர் பெற்ற அட்டையை வைத்திருந்தாலும் ஓட்டுரிமை கிடையாது. விவசாய நிலமும் வாங்க இயலாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கே தொழில் செய்கிறவர்களின் நிலை வேறு. அவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தந்தது.

இங்கே ஒரு நுட்பத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அரசியல் சட்டம் சில உரிமைகளைப் பிரஜைகளுக்கு என்றும், சிலவற்றை எந்த மனிதருக்கும் என்றும் எழுதியிருக்கிறது. வியாபாரம் செய்யும் உரிமையும் பேச்சுரிமையும் பிரஜைகளுக்கு மட்டுமே. சட்டத்தின் முன் சமத்துவம், உயிர் பாதுகாப்பு, மத சுதந்தரம் ஆகியவை அந்நாட்டு மண்ணில் நிற்கும் எவருக்கும் உரியவை. சொத்துரிமை முதலில் ஜீவாதார உரிமையாக இருந்தது. 1978-ஆம் ஆண்டின் 44-வது திருத்தம் அதை அந்தப் பகுதியிலிருந்து எடுத்து, சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று 300ஏ ஷரத்தில் வைத்தது. அங்கும் எவருடைய என்றே எழுதியிருப்பதால், ஊரில் முறைப்படி வீடு வைத்திருக்கும் வெளிநாட்டுப் பிரஜைக்கும் அது துணை நிற்கும்.

2019-இல் செய்த பிரஜா உரிமைத் திருத்தச் சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மூன்று அண்டை நாடுகளிலிருந்து 2014 முடிவதற்குள் வந்தவர்களில் ஆறு மதத்தாருக்குப் பிரஜா உரிமை பெற அது வழி செய்தது. முஸ்லிம்கள் அந்த ஆறில் இல்லை. சட்டத்தின் முன் சமத்துவம் கூறும் 14-வது ஷரத்தைக் காட்டிப் பலர் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தனர். கைரானா வியாபாரி போன அதே வாசல் வழியாகவே இவர்களும் போனார்கள்.

7. மதமும் கல்வியும்

25-வது ஷரத்து, மனச்சாட்சிப்படி மதத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், சுகாதாரம், பிற ஜீவாதார உரிமைகள் ஆகியவற்றுக்கு அது உட்பட்டது. ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்றே வரி கேட்கக் கூடாது என்பது 27-வது ஷரத்து. சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி ஸ்தாபனங்களை அமைத்து நடத்தலாம் என்பது 30-வது ஷரத்து. திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரி 1951-இல் எழுந்தது. அதை நிறுவிய ஜமால் முஹம்மது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் வர்த்தகர்களே. உரிமையை ஏட்டில் எழுதியவர்கள் சிலர். அதைக் கட்டடமாக்கிக் காட்டியவர்கள் நம்மவர்கள். சட்டம் கொடுத்த உரிமை, கேட்டு வாங்கிப் பயன்படுத்துவோரிடம்தான் உயிர் பெறுகிறது.

8. திருத்தமும் அதன் எல்லையும்

காலம் மாறினால் பத்திரத்தையும் திருத்த வேண்டித்தான் வரும். 368-வது ஷரத்து அதற்கு வழி சொல்கிறது. சாதாரணமாகப் பார்லிமெண்டின் இரு சபைகளிலும் விசேஷப் பெரும்பான்மை வேண்டும். கூட்டாட்சியைத் தொடும் விஷயங்களுக்கு, பாதி மாநிலங்களின் சட்டசபைகளும் சம்மதிக்க வேண்டும். 2023-க்குள் 106 திருத்தங்கள் நடந்திருக்கின்றன.

பெரும்பான்மை இருந்தால் பத்திரத்தையே கிழித்துவிடலாமா? 1973 ஏப்ரல் 24-இல் சுப்ரீம் கோர்ட்டின் பதின்மூன்று நீதிபதிகள் இதற்குப் பதில் சொன்னார்கள். காசர்கோடு பக்கத்து மடாதிபதி கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கு அது. எந்த ஷரத்தையும் திருத்தலாம், ஆனால் அரசியல் சட்டத்தின் அடிப்படை அமைப்பை அழிக்கக் கூடாது என்று ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஆறு பேர் வேறுபட்டனர். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் அந்த எல்லைக்கல் நடப்பட்டது.

எழுத்து இருந்தும் பயனற்றுப் போன காலமும் உண்டு. 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நெருக்கடி நிலை இருந்தது. பலர் விசாரணையின்றிச் சிறையில் கிடந்தனர். அவர்கள் கோர்ட்டை அணுகலாமா என்ற கேள்விக்கு 1976 ஏப்ரலில், கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டின் நான்கு நீதிபதிகள் சொல்லிவிட்டனர். எச். ஆர். கன்னா ஒருவரே மறுத்து எழுதினார். அதன் பிறகு தலைமை நீதிபதி பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் 44-வது திருத்தம், உயிருக்கும் சரீர சுதந்தரத்துக்கும் உள்ள பாதுகாப்பை நெருக்கடியிலும் நிறுத்தக் கூடாது என்று எழுதியது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் பெஞ்சு அந்தப் பழைய தீர்ப்பைத் தவறென்று தள்ளியது. அன்று ஒருவர் எழுதி வைத்த மறுப்புரை நாற்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின் வென்றது.

முடிவுரை

சகோதரர்களே, நாம் கண்டவற்றைச் சுருக்கிச் சொல்வோம். அதிகாரத்தைப் பங்கிட்டு எழுதுதல், மக்களின் உரிமையை எழுதுதல், அவற்றைக் காக்கக் கோர்ட்டை வைத்தல், திருத்த வழி வைத்து அதற்கு எல்லையும் வைத்தல் ஆகிய நான்குமே எழுதப்பட்ட கூட்டாட்சி அரசியல் சட்டத்தின் தூண்கள். இந்தியாவில் பெரிய பங்காளியின் கை ஓங்கியிருப்பது உண்மை. ஆனால் சின்னப் பங்காளிக்கு வாசல் அடைக்கப்படவில்லை என்பதும் உண்மை. அந்த வாசலில் போய் நின்றவர்களால்தான் அது திறந்திருக்கிறது.

பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் வியாபாரி பிற்பாடு வருந்துவான். நாம் எந்த நாட்டின் பாஸ்போர்ட்டை வைத்திருக்கிறோமோ, அந்த நாட்டின் அரசியல் சட்டத்தையும் இதே கண்ணோடு படிப்போம். அதில் பிரஜைக்கு என்று எழுதியிருப்பது எது, எவருக்கும் என்று எழுதியிருப்பது எது, உரிமை பறிபோனால் போய்க் கேட்கும் வாசல் எது என்ற மூன்றையும் குறித்து வைத்துக்கொள்வோம். நம் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லி வைப்போம். ஊரில் வீடும் நிலமும் உள்ளவர்கள், தங்கள் பத்திரங்களும் பிரஜா உரிமைத் தாள்களும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா என்று இப்போதே பார்த்து வைப்பது நலம்.

நீதியை நிலைநாட்டுவோருடன் நம்மையும் சேர்த்தருள வல்ல அல்லாஹ்விடம் இறைஞ்சுகிறோம். ஆமீன்.